மூச்சுக்கு மேலே வரும்போது

வல்லம் அருகே,
19.11.2023

அன்புள்ள பவானிக்கு,

கலைப்பிரியாவின் அம்மா சித்ரா எழுதுகிறேன். உன்னை நான் பார்த்ததில்லை. கலை சொல்லித்தான் தெரியும். மரக்காணத்துப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண், ஆமை முகாமில் அவளோடு ஒரே கூடாரம், அவளைவிட இரண்டு வயது மூத்தவள் என்று சொல்லியிருக்கிறாள். என் மகள் வயதுதானே, அதனால் நீ என்றே எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? தீவில் மழை விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே நானும் அவள் அப்பாவும் இருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. எனக்கு முட்டி வலி. மற்றபடி நலம் என்று எழுதிப் பழகிய கை அப்படியேதான் எழுதப் போனது. எழுதவில்லை.

கலை போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவள் பெட்டி போன மாதம்தான் போர்ட் பிளேர் அலுவலகத்திலிருந்து வந்தது. இரண்டு சுடிதார், ஒரு நீச்சல் கண்ணாடி, உப்பு பூத்த செருப்பு, ஐந்து நோட்டு. நோட்டு முழுக்க இங்கிலீஷும் எண்களும். நான் பத்தாவது வரை படித்தவள். இருபத்திரண்டு வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் என் மகள் எழுதியது எனக்குப் புரியவில்லை. நடுவில் ஆங்காங்கே தமிழில் 'பவானி' என்று இருப்பதை மட்டும் படிக்க முடிந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முகாமில் சிக்னல் கிடையாது, கடிதம் போட்டால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போகும் ரேஷன் படகில் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள். அதனால் இந்தக் கடிதம்.

"இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம் போயி ஆமையப் பாத்துக்கினு கெடக்குற?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "பாத்தாத்தாம்மா தெரியும்" என்று சிரிப்பாள். நான் பார்க்கவில்லை. நீ பார்க்கிறாய். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அவசரம் இல்லை.

பத்திரமாக இரு.

சித்ரா


ஆமை முகாம், அந்தமான்,
16.12.2023

அம்மாவுக்கு,

பவானியின் வணக்கம். அப்பாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா? நான் நலம். மழை விட்டுவிட்டது. சமையலும் படகு வேலையும் பார்க்கிற சின்னதுரை அண்ணன் பசியோடு யாரையும் தூங்க விட மாட்டார்.

உங்கள் கடிதம் இரண்டாம் தேதிப் படகில் வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. படகு போய்விட்டது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடம் மூன்று கிலோமீட்டர் மணல். பின்னால் காடு. முன்னால் பவளப்பாறை அலையைத் தடுத்து நிறுத்துவதால், கரையை ஒட்டிக் குளம்போல அசையாத கடல். அதில் பேராமை மேய வரும். பகலிலேயே பார்க்கலாம்.

எங்கே தேடுவது என்று எங்களுக்குச் சொன்னது கலைதான். நான் கடற்கரையில் பிறந்தவள், ஆனால் வலையில் சிக்கிய ஆமையைத் தவிர வேறு ஆமையைப் பார்த்ததில்லை. முதல் வாரம் முழுக்கத் தண்ணீரில் அலைந்தும் ஒன்றும் தென்படவில்லை. ஒருநாள் கலை அடியில் கிடந்த கடற்புல்லைக் காட்டி, "இங்க பாரேன், மாடு மேஞ்ச வரப்பு மாதிரி கட்டையா கெடக்குது. நாளைக்கும் இங்கதான் வரும்" என்றாள். மறுநாள் அதே இடத்தில் மூன்று பேராமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. உங்கள் வயல் வரப்பு இல்லையென்றால் அவளுக்கு அது தெரிந்திருக்காது.

பார்ப்பதற்கு விதிகள் உண்டு. துரத்தக் கூடாது. தொடக் கூடாது. கை காலை அடிக்காமல் மிதந்தபடி கிடக்க வேண்டும். நாம் ஆபத்தில்லை என்று அது தீர்மானித்தால் அதுவே பக்கத்தில் வந்து மேயும். புல்லைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று. ஆமை நம்மைப்போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அப்போது நாம் அதற்கு மேலே, வழியை அடைத்துக்கொண்டு மிதக்கக் கூடாது. பயந்து திரும்பிக் கீழே போய்விடும், மூச்சு வாங்காமலே.

கலை தண்ணீரில் இருக்கும்போது ஒரு ஆமைகூட அப்படித் திரும்பிப் போனதில்லை.

முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

பவானி


வல்லம் அருகே,
4.1.2024

அன்புள்ள பவானிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ சௌக்கியமாக இருப்பது தெரிந்து நிம்மதி. இவர் மாத்திரையை மறக்காமல் போடுகிறார், நான் கையில் வைத்துக்கொண்டு நின்றால். இங்கே மார்கழிப் பனி. மல்லாட்டை போட்டிருக்கிறோம், கடலை முளைப்பு பரவாயில்லை.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். இவர் பெயர் முருகையன், கலை சொல்லியிருப்பாள். மகள் போனதிலிருந்து அதிகம் பேசுவதில்லை. மாடு மேய்ந்த வரப்பு என்று வந்ததும், "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அவளுக்கு ஐந்து வயதில் எங்கள் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழக்கியது அவர்தான். நான் மேட்டில் நின்று திட்டிக்கொண்டிருப்பேன்.

நீ இவ்வளவு நன்றாக எழுதுகிறாய். அதனால் தைரியம் வந்து கேட்கிறேன். அவள் கடைசி நாட்களில் எப்படி இருந்தாள்? மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, காற்றுக்குப் படகு கரைக்கு வர முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நீதானே பக்கத்தில் இருந்திருப்பாய். காய்ச்சலில் என்ன சாப்பிட்டாள்? அனத்தினாளா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எது சொல்லியிருந்தாலும் சரி, நான் தாங்கிக்கொள்வேன்.

குளிரில் தண்ணீரில் அதிக நேரம் கிடக்காதே. பொங்கலுக்கு உன் பெயரைச் சொல்லி ஒரு உருண்டை வெல்லம் கூடப் போடுகிறேன்.

சித்ரா


ஆமை முகாம்,
27.1.2024

அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். பொங்கல் அன்று சின்னதுரை அண்ணன் வெல்லம் போட்டுப் பொங்கினார். சக்கரைப் பொங்கலில் உப்புத் தண்ணீர் வாசனை அடித்தது, ஆனாலும் காலி.

இப்போது ஏழுவரி ஆமைகள் கரையேறும் காலம். முதுகில் ஏழு வரி ஓடும், ஓடு கிடையாது, தோல்தான். உங்கள் வீட்டு மாட்டு வண்டியின் நீளம் இருக்கும். எடை ஒரு எருமை இருக்கும். முட்டையிட இருட்டில்தான் வரும். நாங்கள் விளக்கில்லாமல் மணலில் நடந்து தடம் இருக்கிறதா என்று தேடுவோம். டிராக்டர் போன மாதிரித் தடம் இருக்கும்.

கண்டதும் ஓடக் கூடாது. அது குழி பறித்து முடிக்கும்வரை தள்ளிப் படுத்திருக்க வேண்டும். வெளிச்சமோ சத்தமோ வந்தால், அவ்வளவு தூரம் ஏறி வந்த ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாகத் தவழ்ந்து போய், சிவப்பு விளக்கில் எண்ண வேண்டும். பின் துடுப்பால் குழி பறிக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் அம்மா. அது கண்ணால் பார்க்காமலே, ஒரு கை மண்ணை அள்ளினால் மற்ற கை பொறுமையாகக் காத்திருக்கும். ஒரு பிடி மண்கூட உள்ளே சரியாது. போன வாரம் வந்த ஒன்று தொண்ணூற்றொரு முட்டை இட்டது. மூடியது. குழி எங்கே என்று யாருக்கும் தெரியாதபடி சுற்றிலும் மணலை வாரி இறைத்தது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பியது. நான்கு அடிக்கு ஒருமுறை நின்று பெருமூச்சு விட்டது. முதல் அலை முதுகில் பட்டதும் அந்த எடை எங்கே போனது என்று தெரியவில்லை.

அதன் கண்ணிலிருந்து கோழை மாதிரித் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது என்பார்கள். அது அழுகை இல்லை.

காகிதம் தீர்ந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவானி


வல்லம் அருகே,
12.2.2024

பவானிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

ஒன்பதாம் தேதி அவளுக்கு வருஷம் திரும்பியது. ஐயர் வந்து சாங்கியம் செய்தார். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன்.

ஆமையைப் பற்றி ஒன்றுவிடாமல் எழுதுகிறாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. காகிதம் தீர்ந்துவிட்டது என்கிறாய். கடைசிப் பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் சின்னதுரை என்று மட்டும் இருக்கிறது. உன் பெயர் இல்லை. அவள் வந்த படகில் நீ ஏன் வரவில்லை?

சொல்ல முடியாது என்றால் அதையாவது எழுது.

சித்ரா


ஆமை முகாம்,
6.3.2024

அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கூசுகிறது. கேட்கிறேன்.

நான் அவளோடு இல்லை அம்மா. அந்தக் கடைசி ஆறு நாளும் நான் தீவிலேயே இல்லை.

போன வருஷம் பிப்ரவரி பத்தாம் தேதி என் அண்ணன் வெற்றிவேலுக்குக் கல்யாணம். மூன்றாம் தேதி ரேஷன் படகில் கிளம்பினால்தான் போர்ட் பிளேர் போய்க் கப்பலைப் பிடிக்க முடியும். முகாமில் எப்போதும் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் இருந்ததே மூன்று பேர், சின்னதுரை அண்ணனையும் சேர்த்து. அதனால் கலை, நான் இரண்டு பேரில் ஒருவர்தான் அந்தப் படகில் போக முடியும்.

அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் தேதி காலையில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்று மூன்று. "நீ படகுல போயிடு கலை, நான் இருக்கேன்" என்றேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, "உங்கண்ணன் கல்யாணம்டி. உன்ன வா வான்னு கூப்புட்டுக்கினு இருக்காங்க. என்ன யாரு கூப்புடறாங்க? நீ போ. இது வெறும் சளிக் காய்ச்சல்" என்றாள்.

நான் ஒரு தடவைதான் சொன்னேன் அம்மா. இரண்டாம் தடவை சொல்லவில்லை. அந்த ஒரு தடவையும், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். கிளம்பும்போது சின்னதுரை அண்ணன், "எவ்ளோம்மா காய்ச்சலு?" என்று கேட்டார். "லேசாத்தாண்ணே" என்றேன். நூற்று மூன்று என்று சொல்லியிருந்தால் அவர் என்னை ஏற விட்டிருக்க மாட்டார்.

ஆறாம் தேதி அவளுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. சின்னதுரை அண்ணன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். படகு வந்தது, ஆனால் காற்று. இரண்டு நாள் பாறைக்கு வெளியிலேயே நின்றது. ஒன்பதாம் தேதி ஏற்றினார்கள். அவர் மடியில்தான் தலை இருந்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்தாளாம். ஒருமுறை "தண்ணி தெளிவா இருக்குதா?" என்று கேட்டாளாம். வேறு எதுவும் புரியவில்லையாம். இதெல்லாம் அவர் சொன்னது. நான் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணத்தன்று சாயங்காலம் போன் வந்தது. பட்டுப் புடவையில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளை உங்கள் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள் என்று தெரியும். அப்போது நான் தீவில் இருந்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர், "எங்கம்மா போற?" என்றார். வல்லம் என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கிவிட்டேன். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு மரக்காணம் பஸ்ஸில் திரும்பிப் போனேன்.

இதை என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மாதமே தீவுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை.

பவானி


ஆமை முகாம்,
3.4.2024

அம்மாவுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிறேன். இரண்டு படகு வந்துவிட்டது. உங்கள் கடிதம் இல்லை. அது சரிதான். நீங்கள் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கக் கூடாது.

இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். மழைக்காலத்தில் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். முகாமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நோட்டில் உள்ள எண்களுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் மட்டும் எழுதுங்கள். எப்போது கேட்டாலும் சொல்வேன்.

பவானி


வல்லம் அருகே,
20.4.2024

பவானிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் கொளுத்துகிறது.

முதல் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அன்று என் முன்னால் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதனால்தான், மார்ச் கடைசியில் அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் குப்பத்துக்கே போனேன். உங்கம்மாவிடம் கேட்க வேண்டும் என்று போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

விடியற்காலைப் பஸ். குப்பத்தில் இறங்கி, அலுவலகத்தில் வாங்கிய விலாசத்தைக் காட்டி உங்கம்மா அஞ்சம்மாள் வீடு எது என்று கேட்டேன். அவர் கரையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். போனேன். ஒரு ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. சின்னது, முறத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பங்குனி ஆமை என்றார்கள். கண் பிதுங்கி வெளியே நின்றது. உங்கம்மா நாய்களைக் கல்லால் அடித்து விரட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்காமலேயே, "அந்தப் பக்கம் புடிம்மா" என்றார். பிடித்தேன். பவானி, என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் கடலாமை அது. உயிர் இல்லாததால் தொட்டேன். தோல் ஈரத் துணி மாதிரி இருந்தது. இருவரும் இழுத்துக் குழியில் போட்டு மூடினோம்.

"வலையில மாட்டிக்கினா மூச்சுக்கு மேல வர முடியாதும்மா. அப்படியே முங்கிச் செத்துப் போவுது" என்றார். பிறகுதான் நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மாள் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். "எம்பொண்ணு ஒரு வருசமா வூட்டுக்கு வரல. போன்லயும் பேச மாட்டேன்றா. நான் இன்னா தப்புப் பண்ணேன்னு தெரியலியே. உங்களுக்கு ஏதாவது எழுதினாளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்னைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் என்னைப் பற்றித்தான் வந்தது.

உன்னிடமும் சொல்கிறேன். போன வருஷம் ஜனவரியில் கலை போர்ட் பிளேரிலிருந்து எனக்குப் போன் செய்தாள். அவள் அப்பா வீட்டில் இல்லை, மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். "பிப்ரவரில பத்து நாள் லீவு தர்றாங்கம்மா. பவானி வேற போவணும்ன்றா, நான் கேட்டா எனக்குக் குடுத்துடுவா. வரட்டா?" என்றாள். செஞ்சியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தேன். மூன்று மாதமாக அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில், "மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்றதா இருந்தா வா. இல்லன்னா அங்கியே ஆமைங்க கூடவே கெட" என்று போனை வைத்துவிட்டேன். அதுதான் கடைசி.

'என்ன யாரு கூப்புடறாங்க' என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் படகில் அவளுக்கு இடம் இல்லாமல் செய்தது நீ மட்டும் இல்லை.

இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இனிச் சொல்ல வேண்டும்.

சித்ரா


ஆமை முகாம்,
11.5.2024

அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டி வலியோடு எங்கள் மணலில் நடந்திருக்கிறீர்கள். இப்போது வலி எப்படி இருக்கிறது? அப்பாவிடம் சொன்னீர்களா?

இனி உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று இருக்கிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன். ஜனவரியில் உங்களோடு பேசிவிட்டு வந்தவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரில் இறங்கினோம். ஒரு வயதான பேராமை, ஓடு முழுக்கப் பாசி, அரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் நடுவில் மேய்ந்தது. கரையேறி வந்து உட்கார்ந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே அவளாகவே, "எங்கம்மா கோவமெல்லாம் மல்லாட்ட புடுங்குற வரைக்குந்தான். அதுக்கப்புறம் தானே போன் பண்ணும் பாரு" என்றாள். அப்போது எனக்குப் புரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

படகிலே ஏறச் சொன்னபோது அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கக் கூடாது. எழுதியது உங்களை எங்கே குத்தும் என்று தெரியாமல் எழுதிவிட்டேன்.

நீங்கள் என் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஊருக்கு வர என்னால் முடியாது. அண்ணிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். அவர்கள் கல்யாண நாள் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் எந்த முகத்தோடு நுழைவேன்? இந்த வருஷம் மூன்று தடவை என் லீவு முறை வந்தது. மூன்று தடவையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சின்னதுரை அண்ணன் திட்டுகிறார். மழைக்கு முன் கடைசிப் படகு ஜூன் இருபதுக்கு மேல். அவரையும் அதில் அனுப்பிவிட்டால், இங்கே நானும் வனத்துறைக் காவலர் ஒருவரும்தான்.

கடைசிக் குழியில் குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன. மணலில் இப்போது தடமே இல்லை.

பவானி


வல்லம் அருகே,
2.6.2024

அன்புள்ள பவானிக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் எவ்வளவு என்று உள்ளது உள்ளபடி சின்னதுரையிடம் சொல்ல வேண்டும்.

மல்லாட்டை பிடுங்குகிறவரை என்று அவள் சொன்னது சரிதான். போன வருஷம் பிடுங்கியபோது அவள் இல்லை. இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு அங்கன்வாடியில் பிள்ளைகள் முன்னால் அழுதேன். பதினாறு மாதத்தில் முதல் தடவை.

இவரிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். கடைசியில் நான் போனில் பேசியதையும் சொன்னேன். எழுந்து போனார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. அது எனக்கு உரியது என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே, "அந்தப் பொண்ணு எப்ப வருது?" என்றார். "வரலியாம். மழை முடியிற வரைக்கும் அங்கியே இருக்குதாம்" என்றேன். வாளியைக் கீழே வைத்தார். "வரச் சொல்லு. நான் போயி கூட்டிக்கினு வர்றேன்" என்றார்.

உனக்கு ஒன்று தெரியாது. கலையைக் கொண்டுவந்த அன்று இவர்தான் தனியாக மெட்ராஸ் விமான நிலையத்துக்குப் போனார். ஆட்கள் வந்து இறங்குகிற வாசலில் போய் நின்றிருக்கிறார். யாரோ வந்து, பெரியவரே இங்கே இல்லை என்று பின்பக்கம் சரக்கு வாங்குகிற இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவில் நின்று கையெழுத்துப் போட்டு மகளை வாங்கி வந்தார். இதைக்கூட அவர் என்னிடம் இப்போதுதான் சொன்னார்.

அதனால் வா.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. சில நாள் காலையில் எழுந்ததும் உன்மேல் கோபம் வருகிறது. சில நாள் என்மேல். அது இருக்கும்போதே கூப்பிடுகிறேன். எல்லாம் ஆறட்டும், பிறகு கூப்பிடலாம் என்று இருந்து பார்த்தவள் நான்.

அலுவலகத்தில் பேசிவிட்டேன். மழைக்காலத்துக்கு வேறு ஆள் போடுகிறார்களாம். கடைசிப் படகில் உனக்கு இடம் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே இருக்கிறார். நடந்ததை அவரிடம் நீயே உன் வாயால் சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

போர்ட் பிளேரில் சிக்னல் வந்ததும் கப்பல் தேதியைச் சொல். இவர் மெட்ராஸ் துறைமுகத்தில் ஆட்கள் இறங்குகிற வாசலில் நிற்பார். வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு. ஒல்லியாக இருப்பார், கொஞ்சம் கூன். உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. நீயும் ஒன்றும் பேச வேண்டாம். கையை நீட்டுவார். நானே தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதே பவானி. பெட்டியை அவரிடம் கொடு.

சித்ரா